பின்னால் பட்ட அடி, முன்னால் கன்றிய மூளை

கேள்வி: வேகத்தடையில் பைக் துள்ளியதில், ஹெல்மெட் இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பி மல்லாந்து விழுந்து பின்தலையில் அடிபட்டான். தோலில் கீறல்கூட இல்லை. ஆனால் சிடி ஸ்கேனில் நெற்றிப் பக்கம் மூளை கன்றியிருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் ஸ்கேனில் அது பெரிதாகியிருந்தது. முதல் நாள் சரியாகப் பார்க்கவில்லையா?
- வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் பதற்றம் நியாயமானதுதான், ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் ஸ்கேனில் தவறு நடந்ததாகத் தோன்றவில்லை. பின்தலை தரையில் மோதி மண்டையோடு சட்டென நின்றாலும், உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை அதே கணத்தில் நிற்பதில்லை. கண்குழிகளுக்கு மேலும் பின்னாலும் உள்ள எலும்புத்தளம் கரடுமுரடானது. முன்மூளையின் அடிப்பகுதியும், பொட்டுப் பகுதி மூளையின் நுனியும் அதில் உரசி, மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழிகின்றன. பின்பக்க எலும்பின் உட்புறம் ஓரளவு வழவழப்பாக இருப்பதால், அடிபட்ட இடத்தைவிட எதிர்ப்பக்கமே அதிகம் கன்றுவது மல்லாந்து விழுபவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது.

கிழிந்த குழாய்களிலிருந்து ரத்தம் தொடர்ந்து கசிவதால், முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கன்றல் பெரிதாகலாம்; சுற்றியுள்ள வீக்கம் அதற்குப் பிறகும் சில நாட்கள் கூடலாம். ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், அப்படி ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கேனைத் திரும்ப எடுப்பதும் இதற்காகத்தான். இரவில் செவிலியர் அடிக்கடி எழுப்பிப் பெயர் கேட்டு, கையைத் தூக்கச் சொல்லி, கண்மணியில் டார்ச் அடிக்கும்போது, "பிள்ளை தூங்கட்டுமே" என்று உறவினர்கள் தடுப்பதுண்டு. தயவுசெய்து தடுக்காதீர்கள். 1974இல் கிளாஸ்கோவில் உருவான, 15 (முழு விழிப்பு) முதல் 3 (ஆழ்ந்த மயக்கம்) வரையிலான சுயநினைவு மதிப்பெண் அப்போதுதான் கணிக்கப்படுகிறது. அது குறைவது, உள்ளே அழுத்தம் ஏறுகிறதோ என்று உடனே பார்க்கவேண்டிய எச்சரிக்கை.

பெரும்பாலான சிறு கன்றல்கள் அறுவைசிகிச்சை இல்லாமலே கரைந்துவிடும். ஆனால் முன்மூளை அடிபட்டவர் வீடு திரும்பியபின் சிடுசிடுப்பதும், மறப்பதும், சாப்பாட்டில் வாசனையே இல்லை என்பதும் உண்டு. அதைத் திமிர் என்று எண்ணி அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அளவுமீறிய தூக்கம், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.