2027-இன் வான நிகழ்வுப் பட்டியல்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2027-இல் நிகழவிருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வான நிகழ்வுகளை அச்சிட்ட வண்ணப் பட்டியலோடு ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஆண்டு முழுவதும் ‘தொலைநோக்கி இரவுகள்’ நடத்தித் தருவதாகவும், ஆகஸ்டு 2 சூரிய கிரகணத்துக்குக் கண்ணாடிகள் தருவதாகவும் சொல்லி, ஒவ்வொரு மாணவருக்கும் முன்பணம் கேட்கிறார். பெற்றோரிடம் வசூலித்துக் கொடுக்கலாமா? இவற்றில் எவற்றை எங்கள் ஊரிலிருந்து உண்மையாகவே பார்க்க முடியும்?

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள பட்டியலில் பெரிய பொய் எதுவும் இல்லை; தேதிகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. அது உலகம் முழுவதற்குமான பட்டியல் என்பதை மட்டும் உங்களிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் தெற்கிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மட்டும் வளையமாகத் தெரியும் கிரகணமும், நமக்குப் பட்டப்பகலில் நிகழும் சந்திர கிரகணமும், கண்ணுக்கே எட்டாத நெப்டியூனும் அதில் ஒரே எழுத்தளவில் இடம்பெற்றிருக்கின்றன. அந்த நேரத்தில் அது நம் தொடுவானத்துக்கு மேலே, இருட்டிய வானத்தில் இருக்குமா, நிலவொளி அதைக் கெடுக்காதா, வெறும் கண்ணுக்கோ சாதாரண இருகண்நோக்கிக்கோ தெரியுமா என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பார்த்தால், ஐம்பதில் ஆறேழுதான் மிஞ்சும். அந்த ஆறேழில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையே இல்லை.

முதலில் தள்ள வேண்டியவற்றைத் தள்ளிவிடுவோம். பிப்ரவரி 6 வளையச் சூரிய கிரகணம் இந்தியாவில் தெரியாது. ஆண்டில் மூன்று சந்திர கிரகணங்கள் என்று போட்டிருக்கிறார்கள். மூன்றுமே புறநிழல் கிரகணங்கள், அதாவது நிலவின் ஒரு துண்டு கடிபட்டதுபோல இருளும் காட்சி எதிலும் கிடையாது. பிப்ரவரி 21 அதிகாலையில் நிகழ்வதில் மட்டும், 4.45 மணியை ஒட்டி நிலவின் ஓர் ஓரம் லேசாகப் புகைபடிந்ததுபோல் மங்குவதைப் பழகிய கண் கண்டுகொள்ளும். ஜூலை 18 இரவு நிகழ்வது புறநிழலின் விளிம்பை நிலவு உரசிச் செல்வதோடு சரி. கருவி வைத்திருப்பவர்களுக்குக்கூட வேறுபாடு தெரியாது. அந்த இரவையும் ‘சந்திர கிரகணச் சிறப்பு முகாம்’ என்று விலைபோட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆகஸ்டு 17 கிரகணம் நடக்கும்போது நமக்கு மதியம். ‘சூப்பர் மூன்’ எனப்படுபவற்றையும் விட்டுவிடுங்கள். மிக அருகில் வரும் முழுநிலவு, மிகத் தொலைவிலுள்ள முழுநிலவைவிட 14 விழுக்காடு அளவுக்குத்தான் பெரிது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லாதபோது அந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் பிடிபடாது.

எரிகல் மழைகளில்தான் இடைத்தரகர்களின் கைவரிசை அதிகம். டிசம்பர் 13, 14 தேதிகளின் ஜெமினிட் மழை ஆண்டின் சிறந்த எரிகல் மழை என்று எல்லாப் பட்டியலிலும் எழுதியிருக்கும், அது பொதுவாக உண்மையும்கூட. ஆனால் 2027-இல் டிசம்பர் 13 அன்றே முழுநிலவு. மலைவாசத்தலத்து விடுதி ஒன்றில் கூடாரம், இரவு உணவு, ‘மணிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட எரிகற்கள்’ என்று விளம்பரம் வரும். போனவர்கள் பளபளக்கும் நிலவொளியில் போர்வைக்குள் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஏப்ரல் லிரிட் மழைக்கும் நவம்பர் லியோனிட் மழைக்கும் இதே கதிதான், இரண்டுமே முழுநிலவை ஒட்டி வருகின்றன. விளம்பரத்தில் தேதிக்குப் பக்கத்தில் நிலவின் நிலையைக் குறிப்பிடாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, எந்த விளம்பரத்திலும் முதலிடம் பெறாத ஈட்டா அக்குவாரிட் மழை உங்களுக்காகவே அமைந்ததுபோல் வருகிறது. ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற துகள்களால் உண்டாகும் இந்த மழையின் உச்சம் மே 5, 6 தேதிகளில். மே 6 அமாவாசை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது தொடுவானத்தை ஒட்டியே நிற்பதால் அங்கே தயாராகும் பட்டியல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை, அவற்றைப் படியெடுக்கும் நம்மூர்க்காரர்களும் கண்டுகொள்வதில்லை. நம் அகலாங்கிலோ அதிகாலை 3 மணிக்கு மேல் கிழக்கு வானம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். தெருவிளக்கு இல்லாத வயல்வெளியில் பாய் விரித்து, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் கொடுத்து, 4.45 மணி வரை பார்த்தால் போதும். கோடை விடுமுறை என்பதால் மாணவர்கள் தத்தம் ஊரிலிருந்தே பெற்றோரோடு பார்க்கலாம். ஆகஸ்டு 12 நள்ளிரவுக்குப் பின் வரும் பெர்சீட் மழையையும், நிலவு மறைந்த பிறகு, மேகம் விட்டுவைத்தால் பார்க்கலாம்.

கோள்களுக்கு வருகிறேன். பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் பத்து நாள் இடைவெளியில் சூரியனுக்கு நேரெதிரே வருகின்றன. மாலையில் கிழக்கே எழும் இரண்டும் இரவு முழுதும் தெரியும். செவ்வாய் மக நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும். மாசி மகத்தை ஒட்டிய பிப்ரவரி 20 இரவில் முழுநிலவும் அங்கேயே வந்துசேர்கிறது. சிவந்த செவ்வாய், வெண்மையான மகம், முழுநிலவு, சற்றுத் தள்ளி வியாழன் என்ற இந்தக் காட்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம், பள்ளி மைதானமே போதும். இந்தச் சமயத்தில் ‘செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்’ என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றும். 2003-இல் செவ்வாய் 5.58 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்தபோது பிறந்த புரளி அது. அப்போதும் அது ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. இந்த முறை அது 10 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சனிக்கோளுக்கு உகந்த காலம் அக்டோபர் 18-ஐ ஒட்டிய வாரங்கள், ஆனால் அது நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மழைவிட்ட ஓர் இரவை எதிர்பார்த்திருக்க வேண்டும், தேதி குறித்து முன்பணம் வாங்குவதற்கு அதில் இடமே இல்லை.

இனி ஆகஸ்டு 2. முழுச் சூரிய கிரகணம் தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, எகிப்து, சவுதி அரேபியா வழியாகச் செல்கிறது. எகிப்தின் லக்சார் அருகே 6 நிமிடம் 20 வினாடிக்கும் மேல் சூரியன் முழுதாக மறைந்திருக்கும். தமிழ்நாட்டில் இது பகுதிக் கிரகணம் மட்டுமே. ஏறத்தாழ மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையே, சூரியன் மேற்கே சாயும் வேளையில், அதன் ஒரு பகுதி மறையும். வடக்கைவிடத் தெற்கே மறைப்பு கூடுதலாக இருக்கும். அன்று திங்கட்கிழமை, ஆடி அமாவாசையும் சேர்ந்துகொள்கிறது. இராமேசுவரத்திலும் வேதாரண்யத்திலும் கடற்கரையில் கூடுகிறவர்கள் வெறுங்கண்ணால் மேற்கே பார்ப்பார்களே என்பதை இப்போதே யோசிக்க வேண்டியவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

கிரகணத்தைப் பாதுகாப்புக் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும் என்ற விதிக்குள்ள ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பாதியாகப் புரிந்துகொண்டு பிள்ளைகள் கண்ணைக் கெடுத்துக்கொள்வதற்கு வாய்ப்பு இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் ‘இப்போது கண்ணாடியைக் கழற்றலாம்’ என்று நிபுணர்களே சொல்வதை மாணவர்கள் கேட்பார்கள். அந்த அனுமதி, நிலவின் முழுநிழல் விழும் குறுகிய பாதைக்குள் நிற்பவர்களுக்கு, சூரியன் முழுதாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் உரியது. தருமபுரியில் அப்படியொரு வினாடி வராது, சென்னையில் வராது, கன்னியாகுமரியிலும் வராது. பாதி மறைந்த சூரியன் பாதி ஆபத்து என்று எண்ண வேண்டாம். தெரியும் துண்டு எவ்வளவு சிறியதானாலும் விழித்திரையில் அது விழும் இடத்தைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது, பாதிப்பு சில மணி நேரம் கழித்தே தெரியவரும். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பகுதிகளில் வளையம் தெரிந்ததே, அப்போதும் இந்த விதிவிலக்கு பொருந்தவில்லை, ஏனென்றால் வளையமும் மறையாத சூரியன்தான். மாலைச் சூரியன் மங்கலாக இருக்கிறதே என்றும் ஏமாற வேண்டாம். ஆகவே உங்கள் பள்ளியில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: நம் ஊரில், அன்று, தொடக்கம் முதல் முடிவு வரை, எந்த நிமிடத்திலும் கழற்றக்கூடாது.

கண்ணாடி வாங்குவதானால் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். ஆனால் அச்சிட்ட குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள், அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 2017 அமெரிக்கக் கிரகணத்தின்போது பெரிய இணைய விற்பனைத் தளமே சந்தேகத்துக்குரிய கண்ணாடிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கண்ணாடியை அணிந்து வகுப்பறையைப் பார்த்தால் ஏதும் தெரியக்கூடாது, குழல்விளக்குகூடத் தெரியக்கூடாது. அதிலுள்ள வடிகட்டித் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளை, கீறல், மடிப்பு இருக்கக்கூடாது. அறிவியல் இயக்கங்களிடமோ கோளரங்கத்திடமோ நேரடியாகக் கேட்டு வாங்குங்கள், இடையில் ஒருவர் வேண்டாம். எக்ஸ்ரே படத்தாள், குறுவட்டு, புகையேற்றிய கண்ணாடி, மஞ்சள் கரைத்த தண்ணீர் ஆகிய எதுவும் பாதுகாப்பல்ல.

அந்த நபர் காட்டிய சிறு தொலைநோக்கியோடு கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்ததாக எழுதியிருந்தீர்கள். அதைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். தொலைநோக்கி குவித்த வெயில் முழுதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழும்; சூடேறி அது வெடித்த அடுத்த நொடியில் ஒளி நேராகக் கண்ணுக்குள் போகும். வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். அதே பெட்டியின்மேல் ‘675 மடங்கு பெரிதாக்கும்’ என்று போட்டிருப்பதும் ஏமாற்றுதான். 60 மில்லிமீட்டர் வில்லை தெளிவாகக் காட்டக்கூடியது 120 மடங்கு வரைதான், அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே. பள்ளியில் பணம் இருந்தால் 10x50 இருகண்நோக்கி ஒன்று வாங்கி, இரவு வானத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

முந்நூறு பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்குவதைவிடச் சிறந்த வழி இருக்கிறது. ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியின்மேல் தாளை ஒட்டி, நடுவில் அரை சென்டிமீட்டர் அளவு வட்டத் துளையிட்டு, அதை வெளியே மேசைமேல் களிமண்ணில் நிறுத்தி, மாலை வெயிலை இருட்டிய வகுப்பறைச் சுவருக்குத் திருப்புங்கள். பத்து மீட்டர் தொலைவில் ஒன்பது சென்டிமீட்டர் அகலச் சூரிய பிம்பம் விழும்; அதில் நிலவு நகர்வதை முழு வகுப்பும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். கண்ணாடித் துண்டைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்க்க வேண்டும், அதற்கு ஓர் ஆசிரியர் வெளியே மேசையருகே நின்றால் போதும். சத்துணவுக் கூடத்து ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்தால் அதன் ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு பிறையைப் போடும். இரண்டுக்கும் செலவு ஏதுமில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையம் நகரவாரியாகத் தொடக்க, உச்ச, முடிவு நேரங்களைக் கணித்து வெளியிடுகிறது. அந்த அட்டவணை மாவட்ட அலுவலகம் ஒன்றின் மேசையில் கிடந்து, கிரகணம் முடிந்தபின் ‘மாணவர்கள் பாதுகாப்பாகப் பார்க்க ஆவன செய்க’ என்ற சுற்றறிக்கையோடு பள்ளிக்கு வந்துசேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்; இன்னொரு பள்ளியில், சுற்றறிக்கை வரவில்லை என்பதையே காரணமாக்கிப் பிள்ளைகளை அறைக்குள் பூட்டிவைத்தார்கள். எனவே காத்திருக்காதீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கிரகணத்தன்று மாலை 6 மணி வரை மாணவர்கள் இருக்க வேண்டியிருக்கும் என்பதால், கடைசிப் பேருந்தில் போகிறவர்களின் பெற்றோரிடம் ஜூலையிலேயே பேசிவிடுங்கள்.