உட்கார இடம் தேடும் அம்மாவுக்கு ஓர் ஊர்

கேள்வி: அட்லாண்டாவை ஒட்டிய ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். மயிலாடுதுறையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் ஓட்ட ஓட்டமாய்க் காட்டியாயிற்று. அம்மாவுக்கு மூட்டுவலி. “இனிமே ஊர் பார்க்கக் கூப்பிடாதே, உட்கார இடம் இருந்தா சொல்லு” என்கிறார். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மகனுக்கு 11 வயது, பத்து நிமிடத்தில் சலித்துவிடும். நாங்கள் சைவம். நவம்பர் கடைசியில் அவர்கள் ஊர் திரும்புவதற்குள் ஒரு வார இறுதிக்கு, ஜார்ஜியாவின் பழைய துறைமுக ஊரான சவானா போகலாம் என்று கணவர் 17 இடங்களோடு எக்ஸெல் பட்டியலே போட்டுவிட்டார். அம்மாவை வைத்துக்கொண்டு இது சரிப்படுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சரிப்படும். எக்ஸெல்லை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் முதல்முறை சவானா போனபோது என் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. கூட வந்த மாமியார் நாலாவது இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். “நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், மனுஷி ஒரு நாய்க்காரப் பாட்டியோடு பாஷை தெரியாமலே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குச் சவானாவைச் சரியாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

ஏனென்றால் அந்த ஊரே அப்படிப் போடப்பட்டது. 1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற ஆங்கிலேயர் ஆற்றங்கரை மேட்டில் இறங்கி ஜார்ஜியா குடியேற்றத்தைத் தொடங்கினார். அவர் போட்ட மனைத் திட்டம் எளிமையானது. நடுவில் ஒரு சதுக்கம். அதன் வடக்கிலும் தெற்கிலும் வீட்டு மனைகள், கிழக்கிலும் மேற்கிலும் கோயில், பொதுக் கட்டடங்களுக்கான மனைகள். ஊர் வளர வளர இதே அச்சை மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே போனார்கள். மொத்தம் 24 சதுக்கங்கள் வந்தன, இன்றைக்கு 22 இருக்கின்றன. ஒரு சதுக்கத்திலிருந்து அடுத்ததற்கு நடக்க இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் அடுத்த நிழல், அடுத்த பெஞ்ச். அம்மாவின் முழங்காலுக்கென்றே யோசித்துப் போட்ட மாதிரி இருக்கும். தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த ஊரை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

நிழல் தருவது பெரும்பாலும் லைவ் ஓக் மரங்கள். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காதவை. கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சடை சடையாகத் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்பார்கள். அது ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி. மகனிடம் முதலில் சொல்லாமல், என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தங்குவதற்குப் பழைய நகரப் பகுதிக்குள்ளேயே அறை எடுங்கள். விமான நிலையம் பக்கம் பூலரில் மலிவாகக் கிடைக்கும், உங்கள் கணவரும் அதைத்தான் பார்த்து வைத்திருப்பார். ஆனால் மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா அம்மா ஒரு மணி நேரம் கண்ணயரவேண்டும். அதற்கு அறை நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பேன். பழைய மாளிகைகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, வாசலில் எத்தனை படி என்று போன் செய்து கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஓட்டலில் கார் நிறுத்த இடம் இல்லையென்றால் எல்லிஸ் சதுக்கத்துக்குக் கீழே பெரிய நிறுத்துமிடம் இருக்கிறது. அதன் கதையை அப்பாவிடம் சொல்லுங்கள். அந்தச் சதுக்கத்தில் பழைய சந்தைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1954-இல் அதை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். ஊர் கொதித்தது. அடுத்த ஆண்டே ஏழு பெண்கள் சேர்ந்து பழைய கட்டடங்களைக் காக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இடிபட இருந்த டேவன்போர்ட் வீட்டை முதலில் வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு நாம் போய் ‘அடடா’ என்று பார்க்கிற தெருக்கள் மிஞ்சி நிற்பதற்கு அந்தக் கோபம் ஒரு பெரிய காரணம். கடைசியில் அந்தக் கார் நிறுத்துமிடத்தையும் இடித்து, கார்களைப் பூமிக்கு அடியில் அனுப்பி, 2010-இல் மேலே மறுபடி சதுக்கம் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் பழைய கட்டடத்துக்கு இப்படி ஒரு மறுபிறவி வாய்த்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை புல் (Bull) தெருவில் நடங்கள், அது போதும். ஆற்றை ஒட்டிய சிட்டி ஹாலிலிருந்து தெற்கே ஃபோர்சைத் பூங்கா வரை ஏறத்தாழ ஒரு மைல், வழியில் ஐந்து சதுக்கங்கள். அம்மா எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடலாம். மகனுக்கு ஒரு விளையாட்டு: இந்த ஊரில் சிலைகள் இடம் மாறி நிற்கின்றன. ஓகல்தார்ப் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது, ஆனால் அவர் சிலை சிப்பெவா சதுக்கத்தில். அமெரிக்க விடுதலைப் போரில் இறந்த போலந்துத் தளபதி புலாஸ்கி பெயரிலும் ஒன்று உண்டு, அவர் நினைவுத்தூண் மான்டரே சதுக்கத்தில். யார் எங்கே தப்பாக நிற்கிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஒரு மைலும் சத்தமில்லாமல் வருவான். ஓகல்தார்ப் தெற்கே பார்த்து நிற்பதற்கும் காரணம் உண்டு. அந்தப் பக்கம் ஃபுளோரிடாவில் இருந்த ஸ்பானியர்கள்தான் அவருக்கு எதிரிகள்.

ரைட் சதுக்கத்தில் அப்பாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஓகல்தார்ப் வந்தபோது அந்த மேட்டில் இருந்தவர்கள் யமக்ரா மக்கள். அவர்கள் தலைவர் டோமோசிசி நட்போடு இடம் கொடுத்தார். 1739-இல் அவர் இறந்தபோது மரியாதையோடு இந்தச் சதுக்கத்தின் நடுவில் புதைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை, அதே நடுவிடத்தில் ஒரு ரயில்வே முதலாளிக்கு நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டார்கள். டோமோசிசிக்கு 1899-இல் ஓரத்தில் ஒரு கருங்கல் பாறை கிடைத்தது. அதன் பக்கத்திலேயே பெஞ்ச் இருக்கிறது.

மேடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்ட்ரிம் மாளிகை. உள்நாட்டுப் போரில் வழியெல்லாம் எரித்துக்கொண்டு வந்த ஜெனரல் ஷெர்மன் 1864 டிசம்பரில் இங்கேதான் தங்கினார். சவானாவையும் 25,000 பொதிப் பருத்தியையும் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று லிங்கனுக்குத் தந்தி கொடுத்தார். ஊர் சரணடைந்ததால் பிழைத்தது.

அந்தப் பருத்திதான் இந்த அழகின் மறுபக்கம். ஆரம்பத்தில் ஜார்ஜியாவில் அடிமை முறைக்குத் தடை இருந்தது, 1750-களின் தொடக்கத்தில் நீக்கிவிட்டார்கள். மாளிகைகளின் செல்வம் அதற்குப் பிறகு வந்தது. 1859 மார்ச்சில் ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வந்தது மனிதர்கள், பட்டியலில் 436 பேர். மழை கொட்டிய அந்த நாட்களை ‘அழுகையின் நேரம்’ என்று சொல்கிறார்கள். ஒரே ஒரு மாளிகைக்கு டிக்கெட் எடுப்பதென்றால் ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்கு எடுங்கள். 1819-இல் முடிந்த கட்டடம், மாடியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்க வீட்டுக்குள்ளேயே பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே முக்கியம், பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த அறைகள். கெட்ட ஆவி அண்டாமலிருக்க அடித்த நீலச் சாயம் இன்னும் மேற்கூரையில் தெரியும். படிகள் உண்டு. அப்பாவும் நீங்களும் போங்கள், அம்மா எதிரே ஓகல்தார்ப் சதுக்கத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். தெற்கத்திச் சமையலில் கீரை, பீன்ஸ், வெண்டைக்காய் எல்லாம் உண்டு, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கீரையைப் பன்றி எலும்பு போட்டு வேகவைப்பது வழக்கம். சிவப்புச் சோறு தக்காளி சாதம் மாதிரியே இருக்கும், உள்ளே தொத்திறைச்சி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கேளுங்கள். பயமில்லாமல் சாப்பிடலாம் என்றால் கிரிட்ஸ். மக்காச்சோளக் குருணைக் கஞ்சி, மேலே வெண்ணெய். ‘இறால் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் போதும். அம்மா ஊறுகாய் எடுத்து வந்திருந்தால் அமோகமாகப் போகும். சனிக்கிழமை காலை ஃபோர்சைத் பூங்காவின் தெற்கு முனையில் உழவர் சந்தை கூடும். பழம் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையைப் பூங்காவிலேயே பிரித்துவிடுங்கள். 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்று எதிரில். யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். 1919 முதல் நடக்கும் லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம் கடையில் வரிசை நீளம், கணவரை நிற்க வையுங்கள். அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே.

மாலையில் ஆற்றங்கரை. மேலே பே தெரு, கீழே ரிவர் தெரு, நடுவில் செங்குத்தான கல்படிகள். அந்தப் படிகளில் அம்மாவை இறக்காதீர்கள். சிட்டி ஹால் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. கீழே தரையும் ஒழுங்கில்லாத உருளைக்கல். பழைய பாய்மரக் கப்பல்கள் எடைக்காகச் சுமந்து வந்து இறக்கிப்போட்ட கற்கள் அவை. செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். ஆற்றைக் கடக்க இலவசப் படகு உண்டு, பையன் நாலு தடவை போய்வருவான். அதிர்ஷ்டம் இருந்தால், கடைத்தெருவுக்கு நேர் எதிரே ஒரு சரக்குக் கப்பல் வரும். ஐந்தாறு மாடிக் கட்டடம் நகர்ந்து வருவதுபோல, கைநீட்டினால் தொடலாம் என்கிற கிட்டத்தில். ஆற்றின் மேல்பக்கத்தில் பெரிய கண்டெய்னர் துறைமுகம் இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்தேன், நவம்பரில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். நாலு மணிக்கே ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள்.

இரவில் பேய்க்கதைச் சுற்றுலா நிறைய. மகன் கேட்டால் கணவரோடு அனுப்புங்கள். போனவெஞ்சர் கல்லறைத் தோட்டம் அழகுதான், எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஆனால் பார்த்துவிட்டு வந்ததும் அம்மா தலைக்குக் குளிக்கணும் என்பார். அந்தப் பஞ்சாயத்து எதற்கு?

ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாரும் டைபீ தீவுக் கடற்கரையைச் சொல்வார்கள். கலங்கரை விளக்கத்தில் 178 படி. வேறு வீடாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மயிலாடுதுறை வாத்தியாரை வைத்துக்கொண்டு டைபீ எதற்கு? ஆற்றின் மேல்பக்கமாக ஏறத்தாழ 25 மைலில் எபனேசர் என்று ஓர் இடம். ஊர் போய்விட்டது, ஒரு செங்கல் தேவாலயம் நிற்கிறது, 1769-இல் முடித்தது. இன்னும் வழிபாடு நடக்கிறது. சால்ஸ்பர்கிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்ட புராட்டஸ்டன்டுகள் 1734-இல் ஜார்ஜியா வந்து, இரண்டு ஆண்டு கழித்து இங்கே குடியேறினார்கள். அவர்களோடு வந்த போல்ட்சியஸ், குரோனாவ் என்ற இரண்டு போதகர்களும் ஜெர்மனியின் ஹாலே நகர அநாதை இல்லத்தில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். ஹாலே என்றதும் அப்பா நிமிர்ந்து உட்காருவார் பாருங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர் அது. அவருடைய அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பிய ஊர். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் எபனேசரிலிருந்து போன நாட்குறிப்புகளும் அதே ஹாலேயில்தான் அச்சாயின. அப்பா வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகிற தரங்கம்பாடிக்கு, ஜார்ஜியாக் காட்டுக்குள் ஓர் ஒன்றுவிட்ட தம்பி! அடிமை முறை வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர்களும் இந்த சால்ஸ்பர்க் மக்கள்தான். காலையில் வழிபாடு இருக்கும், அது முடிகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். மரத்தடியும் ஆறும் உண்டு, அம்மாவுக்கும் குறையில்லை. மகன் முறைத்தால் புலாஸ்கி கோட்டையை அடுத்த தடவைக்கு வாக்குக் கொடுங்கள்.

வழி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலிருந்து ஐ-75 பிடித்து மேக்கன், அங்கிருந்து ஐ-16. நாலு, நாலரை மணி நேரம். ஐ-16-இல் பார்க்க ஒன்றுமில்லை, பைன் மரம், பைன் மரம், மறுபடி பைன் மரம். ஆனால் பெட்ரோல் பங்குகளில் ‘பாயில்டு பீநட்ஸ்’ என்று எழுதியிருந்தால் வண்டியை நிறுத்துங்கள். நம்ம அவிச்ச கடலைதான், உப்புத் தண்ணீரில் தோலோடு வேகவைத்தது. ஜார்ஜியாக்காரர்களுக்கு அது உயிர். இரண்டு பொட்டலம் வாங்குங்கள். ஒன்று அம்மா மடியிலேயே காலியாகிவிடும்.