வேலியோரத்து விடுப்பு

கேள்வி: 1961இல் வந்த ‘மேர்டர், ஷீ செட்’ என்ற கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படத்தை அண்மையில் பார்த்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலுக்குள் நடக்கும் கொலையை ஒரு கிழவி காண்கிறாள். பொலிஸ் நம்பவில்லை. கடைசியில் வேலைவெட்டி இல்லாமல் விடுப்புப் பார்த்துத் திரிகிற அந்தக் கிழவியே கொலைகாரனைப் பிடித்துக் கொடுக்கிறாள். படம் முழுக்கப் பகிடி வேறு. கொலையையும் சிரிப்பையும் இப்படிக் கலக்கலாமா? இதெல்லாம் நம்பக்கூடிய கதையா?

– வாசகர், காரைதீவு

பதில்: ‘விடுப்பு’ என்ற சொல்லை எழுதியதற்காகவே உங்களுக்கு இந்த மாதம் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன், தம்பி. (வயதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரே கேள்வியில் இரண்டு தரம் ‘கிழவி’ என்று எழுதும் துணிவு முப்பதைத் தாண்டியவனுக்கு வராது. வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்.)

இந்தச் சொல்லால் எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. முப்பது வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு சஞ்சிகைக்குச் சிறுகதை அனுப்பினேன். பெயர் வேண்டாம், நன்றாகத்தான் இருந்தார்கள். கதையில் ‘அவள் வேலியோரம் நின்று விடுப்புக் கேட்டாள்’ என்று ஒரு வரி. நமக்கு விடுப்பு என்றால் அக்கம்பக்கத்துப் புதினம். அங்கே விடுப்பு என்றால் அலுவலகத்தில் எடுக்கும் லீவு. அதையும் கொஞ்சம் எளிமைப்படுத்துவோம் என்று யாரோ பேனையைத் தூக்கியிருக்கிறார்கள். அச்சில் ‘அவள் வேலியோரம் நின்று விடுமுறை கேட்டாள்’ என்று வந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ‘பக்கத்து வீட்டுக்காரி மூன்று நாள் விடுப்பையும் ஒரே மூச்சில் கொடுத்து முடித்தாள்’ என்ற அடுத்த வரியும் அதே கத்தரியில் மாட்டிக்கொண்டது. ஒரு வாசகர் கடிதம் போட்டார்: வேலிக்கு மேலாகவே மூன்று நாள் லீவு கொடுக்கும் அந்த அதிகாரி எந்தத் திணைக்களம்? என் தகப்பனார் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். அரசாங்கக் கச்சேரியில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தும் தனக்கு அப்படி ஒரு அதிகாரி வாய்க்கவில்லையே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

விடுப்பைப் புறணியோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் ஊரில் அதிகம். புறணி பேச வாய் போதும். விடுப்புக்குக் கண் வேண்டும், காது வேண்டும், நின்று பார்க்கப் பொறுமை வேண்டும், முக்கியமாக நேற்று என்ன நடந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்க வேண்டும். நீங்கள் ‘கிழவி’ என்று எழுதிய மிஸ் மார்ப்பிள் 1930இல் அகதா கிறிஸ்டியின் நாவலில் வந்த நாள் முதல் செய்ததெல்லாம் இதுதான். கிராமத்தில் ஒரு வீட்டு யன்னல், அதற்கு முன்னால் ஒரு தோட்டம், போகிறவர் வருகிறவர். உலகத்தில் எவன் எந்தக் குற்றம் செய்தாலும் அந்த அம்மாவுக்குத் தன் ஊரில் ஒருத்தன் ஞாபகத்துக்கு வருவான். நீங்கள் அதை ‘வேலைவெட்டி இல்லாமல்’ என்கிறீர்கள். பொலிசுக்கு அதற்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

மூலக் கதையைப் படித்தவன் என்ற முறையில் இந்தப் படத்தின் மேல் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. 1957இல் வந்த நாவலில் ரயிலில் கொலையைக் காண்பது மிஸ் மார்ப்பிள் அல்ல, அவருடைய சிநேகிதி. சந்தேகத்துக்குரிய அந்தப் பெரிய வீட்டுக்குள் வேலைக்காரியாக நுழைவதும் மிஸ் மார்ப்பிள் அல்ல, லூசி என்ற கெட்டிக்கார இளம்பெண். இயக்குநர் ஜோர்ஜ் பொலொக் மூன்று பேரின் சோற்றையும் அள்ளி ஒரே கோப்பையில் போட்டு, மிஸ் மார்ப்பிளாக நடித்த மார்கரெட் ரதர்போர்டின் முன்னால் வைத்துவிட்டார். அவரும் மிச்சம் வைக்கவில்லை. அப்போது அவருக்கு 69 வயதுக்குக் கிட்ட. புத்தகத்து மிஸ் மார்ப்பிள் ஒல்லியானவர், மெதுவாகப் பேசுபவர், கம்பளி பின்னுபவர். ரதர்போர்ட் வந்தால் முகவாய் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். தண்டவாளம் திருத்தும் தொழிலாளி வேடத்தில் ரயில் பாதையோரம் துப்புத் தேடுகிறார். வேலைக்குப் போன வீட்டில் கோல்ப் விளையாடும் சாட்டில் வளவெல்லாம் பிணம் தேடுகிறார். கூடவே எடுபிடியாக ஒரு பயந்த நூலகர். கிறிஸ்டியின் எந்தக் கதையிலும் இல்லாத ஆள் அவர். ரதர்போர்டின் சொந்தக் கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ்தான் அதில் நடித்தார். மனைவி துப்பறிய, புருசன் பை தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறார். இந்த ஒரு காட்சிக்காகவே எங்கள் வீட்டில் படத்தை மறுபடி போடச் சொன்னார்கள்.

கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் உண்டு. அடுத்து வந்த மூன்று படங்களில் இரண்டு, பெல்ஜியத்துத் துப்பறிவாளர் புவாரோவின் கதைகள். அவருடைய மீசையை மழித்துவிட்டு மிஸ் மார்ப்பிளைக் கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். மூன்றாவதுக்குக் கிறிஸ்டியின் நாவல் என்று ஒன்றுமே கிடையாது. ஆனாலும் 1962இல் வந்த தன் மிஸ் மார்ப்பிள் நாவலை ரதர்போர்டுக்கே காணிக்கையாக்கினார் கிறிஸ்டி. படத்தோடு கோபம், ஆளோடு இல்லை. எழுத்தாளர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்கிறேன். எனக்கு வரவில்லை.

நம்பக்கூடியதா என்று கேட்டீர்கள். நம்ப முடியாத ஒரேயொரு விசயம் ரயில்தான். இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் ஓட வேண்டும், ஒன்றின் யன்னல் திரை சரியான நேரத்தில் விலக வேண்டும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற நமக்கு இது வேற்றுக்கிரகக் கதை. மாகோ தாண்டினால் ஒற்றைப் பாதை. எதிர் ரயிலுக்கு வழிவிட ஸ்டேசனில் காத்துக்கிடப்போம். வெலிக்கந்தைக்கும் புனானைக்கும் இடையில் யன்னலால் எட்டிப் பார்த்தால் இருட்டு, அதிர்ஷ்டம் கெட்ட இரவில் யானை. உங்கள் காரைதீவுக்கு அந்த ஒற்றைப் பாதையும் இல்லை, மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது, மிச்சத்துக்கு பஸ். இந்தக் கதையை நம் ஊரில் எடுப்பதென்றால் கல்லடிப் பாலத்துக்குத்தான் போக வேண்டும். 1924இல் கட்டிய பழையது ஒன்று, 2013இல் திறந்த புதியது ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். புதிய பாலத்து பஸ்ஸிலிருந்து பழைய பாலத்தில் நடப்பதைக் காணலாம். ஆனால் யாராவது இயக்குநர் அதில் கட்டாயம் பாடும் மீனைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். பாடும் மீன் இல்லாமல் மட்டக்களப்பைப் பற்றி நாலு வரி எழுதத் தெரியாதவர்களோடு எனக்கு இருக்கிற பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதை எடுக்கவில்லை.

கொலையும் சிரிப்பும் கலக்கலாமா என்று ஒரு காரைதீவான் கேட்பதுதான் எனக்குப் பகிடியாக இருக்கிறது. ரதர்போர்ட் லண்டனில் பிறந்தது 1892இல். அதே 1892இல் உங்கள் ஊரில் விபுலாநந்தர் பிறந்தார். ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்துவைத்து அவர் எழுதிய ‘மதங்க சூளாமணி’ 1926இல் வந்தது. ஷேக்ஸ்பியரிடம் போனால், மக்பெத் அரசனைக் கொன்ற இரத்தம் காயுமுன்னே வாயிற்காவலன் குடிவெறியில் வந்து பகிடி விடுவான். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டையும் அடுக்கும்போது நகையைத்தான் முதலில் வைத்தார், அச்சம் ஐந்தாவதாக வருகிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்கிறார். நாலும் இந்தப் படத்தில் இருக்கின்றன. இன்ஸ்பெக்டரின் எள்ளல், அந்த வீட்டு வாய்க்காரப் பொடியனின் இளமை, நூலகரின் பேதைமை. மடன் யாருடையது என்று சொன்னால் கொலைகாரன் தெரிந்துவிடுவான். முடிவைச் சொல்லிவிடுகிறவர்களை என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து இருப்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஒவ்வொரு வைகாசியிலும் உங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. நம் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் படிக்கிற ஏட்டின் பெயர் என்ன? ‘கண்ணகி வழக்குரை’. ஒரு பெண் தனியே அரண்மனைக்குப் போய், எங்கள் வீட்டுச் சிலம்பின் பரல் மாணிக்கம், உங்களுடையதில் என்ன என்று கேட்டு, உடைத்துக் காட்டி வழக்கை முடித்தாள். அரசனை அவள் ‘தேரா மன்னா’ என்றுதான் அழைத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தேராத, அதாவது விசாரித்துப் பாராத மன்னன். பொற்கொல்லன் சொன்னான், கொன்றுவிட்டார்கள், கோப்பை மூடிவிட்டார்கள். மிஸ் மார்ப்பிளின் இன்ஸ்பெக்டரும் அதே வம்சம்தான். ரயிலைத் தேடினோம், பிணம் இல்லை, ஆகவே கொலை இல்லை. பார்த்தவள் வயதானவள், மடியில் துப்பறியும் கதைப்புத்தகம் வேறு, ஆகவே கனவு.

மிஸ் மார்ப்பிள் வேலைக்காரியாக அந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு நடப்பதைக் கவனித்தீர்களா? தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்கிறவள் முன்னால் எல்லாரும் எல்லாம் பேசுகிறார்கள். இதை எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது, ஏனென்றால் படம் அதே வித்தையைப் பார்க்கிற நம்மிடமும் செய்திருக்கிறது. அந்த வீட்டுக் குசினியில் இன்னொரு வேலைக்காரி வருவார், மிஸஸ் கிடர். ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. அவர் ஜோன் ஹிக்சன். 1984இலிருந்து 1992 வரை பிபிசி தொலைக்காட்சியில் பன்னிரண்டு நாவல்களிலும் மிஸ் மார்ப்பிளாக நடித்தவர். புத்தகத்தில் இருந்து இறங்கி வந்ததுபோல் ஒல்லியாய், அமைதியாய், கண் மட்டும் கூராய். இதே ரயில் கதையை 1987இல் மறுபடி எடுத்தபோதும் அவர்தான் மிஸ் மார்ப்பிள். ரதர்போர்ட் கோல்ப் மட்டையைச் சுழற்றி நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த நேரம், உண்மையான ஆள் மூலையில் நின்று விடுப்புப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி நம்பக்கூடியதா என்பதற்குக் கடைசிச் சாட்சி. தொண்ணூறுகளில் என் சைக்கிள் களவு போனது. முறைப்பாடு கொடுத்தேன், எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. பக்கத்து வளவில் ஒரு வயதான பெத்தா இருந்தா. கிடுகு வேலியில் ஒரு பொத்தல், பொத்தலுக்குப் பின்னால் ஒரு மரக்குற்றி, குற்றியில் அவ. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “மனே, பின் ஒழுங்கைப் பொடியன் ஒருத்தன், தாய் கடைக்குப் போகச் சொன்னா காலுக்குள்ள நோகுது எண்டு அழுவான். இப்ப நாளைக்கு மூணு தரம் உப்பு வாங்கப் போறான்” என்றா. எனக்கு விளங்கவில்லை. “நடந்து போறவன் மூணு தரம் உப்பு வாங்குவானா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தா.

பின்னேரமே சைக்கிள் வந்துவிட்டது. பெல் மட்டும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்றும் பெத்தாவுக்குத் தெரியும். நான் எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லை.