பழைய எண்ணெயை வண்டியில் ஊற்றலாமா, விற்கலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பொரித்த எண்ணெய் மாதத்துக்கு 200 கிலோ போல சேர்கிறது. அதில் நாமே பயோடீசல் செய்து கடையின் டீசல் வண்டி ஹைலக்ஸுக்கு ஊற்றலாம் என்கிறான் மகன். திருப்பூரில் இருக்கும் மைத்துனரோ, இந்தியாவுக்கு அனுப்பினால் நல்ல விலை போகும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் ஐயா. வடிகட்டி டின்னில் ஊற்றி, உரிமம் உள்ள ஆளிடம் ரசீதோடு விற்றுவிடுங்கள்.

மகன் சொல்வதில் அடிப்படை தப்பில்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. ஆனால் இன்றைய ஹைலக்ஸ் அந்த எஞ்சின் இல்லையே. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முடியளவு துளையில் சரியாகச் சிதறாமல், பாதி எரிந்து கரியாகப் படியும். இந்தக் கெட்டியைப் போக்கத்தான் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரி சூட்டில் கலக்குகிறார்கள். அப்புறம் மேலே பயோடீசல், கீழே கிளிசரின் என்று பிரிந்து நிற்கும்.

யூடியூபில் இது ஐந்து நிமிட வேலை. உங்கள் கடைப் பின்கட்டில் அப்படி நடக்காது. மீனும் கோழியும் நாலு நாள் பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறியிருக்கும். அது சோடாவோடு சேர்ந்தால் எரிபொருளுக்குப் பதில் சவர்க்காரம்தான் வரும். 200 கிலோவுக்கு 40 லிட்டருக்கு மேல் மெத்தனால் வேண்டும். அது 65 டிகிரியில் கொதித்துவிடும். நீங்கள் சூடாக்குவதோ 60. அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மெத்தனால் உடம்புக்குள் போனால் கண் பார்வையே போகலாம். கேஸ் அடுப்பு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் நான் இதைத் தொடவே மாட்டேன். போதாததற்கு, மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் தொழில் சட்டப்படி தயாரிப்புக்கு உரிமம் வேண்டும். மகனுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம்: 2019-இல் பி10 வந்ததிலிருந்து பெட்ரோல் நிலையத்து டீசலிலேயே 10 விழுக்காடு வரை செம்பனை பயோடீசல் கலந்துதான் வருகிறது.

சரி, மைத்துனர் யோசனை. கடல் கடந்து போகும் எண்ணெய், கொள்கலனுக்குள் விரித்த பெரிய பையில் 20 டன் கணக்கில் போகிறது. உங்கள் கடை அதை நிரப்ப எட்டு வருடத்துக்கு மேல் ஆகும்! அளவை விடுங்கள், கொள்கையும் குறுக்கே நிற்கிறது. உயிரி எரிபொருள் இறக்குமதியை இந்தியா 2018-இல் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டில் தன் ஊர் ஓட்டல்களின் பழைய எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. 2020 ஜனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெய்க்குக் கட்டுப்பாடு போட்டது; கச்சா செம்பனை எண்ணெயை விட்டுவிட்டது. அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றிப் பேசியதற்குப் பதிலடி என்றுதான் பலரும் பார்த்தார்கள். ஆனால் வேலை கிடைத்தது அங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்கு. 2025 ஜனவரியில் இந்தோனேசியாவும் பழைய எண்ணெய் ஏற்றுமதியை இறுக்கியது, தன் பி40 டீசலுக்கு வேண்டும் என்று. நம்மைப் போன்ற நாடுகளுக்குள் வியாபாரம் என்றால் இதுதான் நிலைமை: சரக்கு வரலாம், அதை மாற்றும் ஆலை மட்டும் என் வீட்டில் இருக்க வேண்டும்.

பிறகு ஏன் உங்கள் கறுத்த எண்ணெய்க்கு விலை இருக்கிறது? அது கழிவு என்பதால்தான். பழைய சமையல் எண்ணெயிலிருந்து வரும் எரிபொருளை ஐரோப்பிய ஒன்றியம் தன் பசுமை எரிபொருள் இலக்கில் இரட்டிப்பாகக் கணக்கிட அனுமதிக்கிறது. அதனால் அங்கே விலை போவது எண்ணெயோடு அதன் பிறப்புச் சான்றும்தான். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் ஐ.எஸ்.சி.சி. என்ற சர்வதேசச் சான்று பெற்ற சேகரிப்பாளர், இது உங்கள் கடையில் பொரித்த எண்ணெய்தான் என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்து கேட்பார். தயங்காமல் போடுங்கள். தாளே கேட்காமல் கூடுதல் காசு நீட்டுகிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம். மானிய எண்ணெய்ப் பொட்டலம் கிலோ 2.50 வெள்ளி (ரிங்கிட்), பழைய எண்ணெய் விலை அதைத் தாண்டும் நாளில் புது எண்ணெயையே கலக்கச் சொல்லி ஆள் வருவார்கள். மாட்டினால் கையெழுத்து உங்களுடையது.

தண்ணீர் கலந்தால் விலை இறங்கும். ஒரு கரண்டி எண்ணெயைச் சின்னச் சட்டியில் சூடாக்கிப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் டின்னில் ஊற்றுங்கள். மழையில் டின்னைத் திறந்து வைக்காதீர்கள். காலி டின்னை முன்கூட்டியே நிறுத்து, எடையை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். வாங்க வருகிறவர் டின்னுக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று அப்போது தெரியும்.