சிறுநீர் தெளிவாக இருந்தால் சிறுநீரகம் நலமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, லோரி ஓட்டுகிறார். பத்து வருடமாக இனிப்புநீர். காலையில் அடர்மஞ்சளாகப் போகிற சிறுநீர், இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிடுகிறது. "கிட்னி நல்லாதான் இருக்கு, டெஸ்ட் எதுக்கு?" என்கிறார். சரிதானா?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நிறம் சொல்வது உடம்பின் தண்ணீர்க் கணக்கை மட்டும்தான். இரவு முழுக்க நாம் குடிப்பதில்லை. இரத்தத்தில் உப்பின் அடர்த்தி சற்றே ஏறும். மூளை அதை உணர்ந்து வாசோபிரெசின் ஹார்மோனை விடுகிறது. உடனே சிறுநீரகக் குழாய்கள் தண்ணீரை இரத்தத்துக்கே திருப்பி அனுப்ப, மிஞ்சுவது கொஞ்சமாய், மஞ்சளாய் இறங்கும். தண்ணீர் குடித்தால் ஹார்மோன் குறையும், நிறம் வெளுக்கும். நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடும் உறுப்பு இது!

ஆகவே காலை மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். அதிகம் குடிக்காமலே எப்போதும் வெளுத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். பழுதாகும் சிறுநீரகம் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனை இழக்கிறது. இரவில் பலமுறை எழுப்பும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டினாலும் அப்படித்தான்: சர்க்கரை சிறுநீரில் கசிந்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

வருடம் ஒருமுறை அவருக்கு இரண்டு சோதனை கட்டாயம். ஒன்று இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவு. அதை வைத்து இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அது 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். மற்றது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இனிப்புநீர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுதான். காலையின் முதல் சிறுநீரைக் கொடுக்கட்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் நாளில் வேண்டாம், எண் பொய்யாக ஏறும்.

இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். அவை சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டிவிட்டு அதையும் விழுங்கினால் இருமடங்கு அடி. டாக்டரிடம் சொல்லி மாற்று கேட்கட்டும்.

கேள்வி: டயாலிசிஸ் செய்யும் அத்தை பெலிம்பிங் (நட்சத்திரப்) பழம் ஒரு துண்டு சாப்பிடலாமா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கூடாது, ஜூஸும் கூடாது. நட்சத்திரப் பழத்திலுள்ள நரம்பு நச்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதபோது நச்சு மூளைக்கு ஏறும். தெரியாமல் சாப்பிட்டபின் விக்கல் நிற்காவிட்டாலோ பேச்சு குழம்பினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய், பழம் சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். அவசர டயாலிசிஸ் தேவைப்படும்.