பழைய தண்டனையும் புதிய துப்பாக்கி வழக்கும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

முன்பு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க ஃபெடரல் சட்டம் விதிக்கும் தடை குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

எனக்குக் கிடைத்தது வெறும் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு). சிறைக்கே போகவில்லை. துப்பாக்கி வாங்கலாம்தானே?

எந்த மாநிலம், எந்தப் பிரிவு என்று ஒரு வார்த்தை இல்லை. ‘தானே’ மட்டும் இருக்கிறது. உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்க இடமிருந்ததா என்பதையே பார்க்கும். இருந்தால் தடைதான். மாநிலம் மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்று வகைப்படுத்தி, உச்ச தண்டனை இரண்டாண்டைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு; குடும்ப வன்முறை என்றால் அதுவும் உதவாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

துப்பாக்கி மனைவி பெயரில் இருக்கிறது. பெட்டகத்தின் எண் எனக்கும் தெரியும். சிக்கலா?

ஆம். கையில் எடுத்தால்தான் குற்றம் என்றில்லை. எண்ணை இன்றே மாற்றச் சொல்லுங்கள். புதிய எண்ணைக் கேட்காதீர்கள்.

இந்தியாவில் இளம் வயதில் தண்டனை பெற்றேன். இங்கே அது கணக்கில் வருமா?

இந்தத் தடைக்கு வராது. வெளிநாட்டு நீதிமன்றத் தண்டனைகள் சேராது என்று 2005இல் ஸ்மால் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் ஹெச்-1பி விசாவில் இருப்பவரானால் அதற்குத் தனித் தடை இருக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

தடையை மீறினால் உச்ச தண்டனை 10 ஆண்டா, 15 ஆண்டா?

2022 ஜூன் வரை 10, பிறகு 15.

மைத்துனர் மேல் துப்பாக்கி வழக்கு. முன்பு ஒரே இரவில் ஒரே தெருவில் மூன்று வீடுகளில் புகுந்து திருடியதற்கு மூன்று தண்டனைகள். குறைந்தபட்சம் 15 ஆண்டு என்கிறார் வக்கீல். வழியே இல்லையா?

அந்த வக்கீல் படித்தாரா, பட்டியலைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாரா? வன்முறைக் குற்றமோ (வீடு புகுந்து திருடுவதும் இதில் சேரக்கூடும்) பெரிய போதைமருந்துக் குற்றமோ முன்பே மூன்று இருந்தால் 15 ஆண்டு குறைந்தபட்சமாகிறது, உச்சம் ஆயுள். ஆனால் மூன்றும் வெவ்வேறு தருணங்களில் நடந்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்களை எத்தனை முறை கண்டித்தாலும் தீரவில்லை. ஜார்ஜியாவில் வுடன் என்பவர் 1997இல் ஒரே மாலையில் ஒரே கட்டடத்தின் பத்துச் சேமிப்பு அறைகளை உடைத்தார். பத்துத் தண்டனை, பத்துத் தருணம் என்று கணக்குப் போட்டு ஏறத்தாழ 16 ஆண்டு கொடுத்தார்கள். அந்தக் கணக்கு இல்லையென்றால் இரண்டாண்டு அளவில் முடிந்திருக்கும். 2022இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது ஒரே தருணம் என்றது. 2024இல் எர்லிங்கர் வழக்கில், இதை முடிவு செய்ய வேண்டியது நீதிபதி அல்ல, ஜூரி என்றும் சொன்னது. அந்த ஜூரியும் ஒருமனதாக, நியாயமான ஐயத்துக்கிடமின்றி முடிவு செய்ய வேண்டும். மூன்று வீடு என்பது ஒரே கட்டடத்தைவிடச் சற்றுக் கடினம்தான். ஆனாலும் நேரம், தூரம், திட்டம் எல்லாவற்றையும் வைத்து வாதாடலாம்.

இன்னொன்று. மைத்துனர் அன்று செய்தது என்ன என்பதைவிட, தண்டித்த பிரிவின் வாசகம் என்ன என்பது முக்கியம். வீடு மட்டுமன்றி படகு, வாகனத்தையும் அடக்கிய அயோவா மாநிலப் பிரிவு 2016இல் கணக்கிலிருந்து விழுந்தது. ஆகவே மூன்று தீர்ப்புகளின் சான்றிட்ட நகலும் கைக்கு வருமுன் எதிலும் கையெழுத்திட வேண்டாம். மூன்றும் தனித்தனித் தருணம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

அந்தத் தண்டனை 25 ஆண்டு பழையது. காலாவதி ஆகாதா?

தண்டனை அளவைக் கணக்கிட நீதிமன்றம் பார்க்கும் வழிகாட்டுப் புள்ளிகளில் பெரும்பாலும் 15 ஆண்டுக்கு முந்தியவை உதிரும். மேலே சொன்ன 15 ஆண்டுக் கட்டாயத் தண்டனைக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் துப்பாக்கி இல்லை, ஒரே ஒரு தோட்டாதான். அதற்குமா?

அதற்கும்.