வாசிப்புக் கணக்கு – கடிதம்

வணக்கம்.

ஏழு ஆண்டுகளாக நான் வாசிக்கும் நூல்களைக் குறித்துவைத்து வருகிறேன். முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன், இப்போது செயலியில். தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, முடித்த தேதி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், இவ்வளவுதான். தேர்வுக்கோ வேலைக்கோ அல்ல, மகிழ்ச்சிக்காக மட்டுமே வாசிக்கிறேன். சென்ற ஆண்டு 61 நூல்கள். இந்த ஆண்டு நூறு என்று இலக்கு வைத்திருக்கிறேன்.

போன வாரம் பழைய பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பன்னிரண்டு நூல்களில் என்ன இருந்தது என்றே நினைவில்லை. அவற்றில் சிலவற்றுக்கு நான்கு நட்சத்திரம் வேறு கொடுத்திருக்கிறேன். நோட்டு நல்லதா, செயலி நல்லதா? மறுவாசிப்பைத் தனியாக எண்ணலாமா? ஒலிநூல் கணக்கில் சேருமா? பிடித்த வரிகளை எடுத்தெழுத வேண்டுமா? பாதியில் விட்ட நூல்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன், சரிதானே? எப்படியும் மறந்துபோகும் என்றால் எழுதிவைப்பதில் என்ன பயன்?

ம.

அன்புள்ள ம.,

வாசிப்பைக் கணக்கு வைப்பது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் ‘சரிதானே’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். சரியில்லை. நீங்கள் செய்வதிலேயே மிக மோசமான காரியம் அதுதான்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நோட்டா, செயலியா என்பது செருப்பின் நிறத்தைப் பற்றிய கேள்வி, நடக்கிறவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். மறுவாசிப்பை எண்ணுங்கள், எண்ணாமலும் விடுங்கள், யாரும் தணிக்கைக்கு வரப்போவதில்லை. ஒலிநூல் வாசிப்புதான். காதால் கேட்டு அறிவதற்கென்றே வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பிடித்த வரிகளைக் கட்டாயம் எடுத்தெழுதுங்கள். பழந்தமிழ் நூலான முத்தொள்ளாயிரத்தில் இன்று நம்மிடம் இருப்பது நூற்றுச் சொச்சம் பாடல்கள். புறத்திரட்டு என்ற பழம்பாடல் திரட்டைத் தொகுத்த, பெயர் தெரியாத ஒருவர் அவற்றைத் தம் தொகுப்பில் சேர்த்துவைத்ததால் அவை பிழைத்தன. இதற்கு மேல் இதில் வாதாட என்ன இருக்கிறது?

நூறு என்ற இலக்கைப் பற்றிப் பேசாமல் இருக்கவே நினைத்தேன், முடியவில்லை. யாரிடம் பந்தயம் கட்டியிருக்கிறீர்கள்? பக்க எண்ணிக்கைக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். முந்நூறு பக்கத்தைத் தாண்டியவை எத்தனை? டிசம்பர் மாதத்தில் மட்டும் ஏன் எல்லாமே எண்பது, தொண்ணூறு பக்கங்களாக இருக்கின்றன? உங்கள் பட்டியலை நான் பார்த்ததில்லை. ஆனால் நூறு என்று முடிவுசெய்துவிட்ட மனம் எந்த அலமாரியின் பக்கம் நகரும் என்பது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஐம்பது என்று ஓடியவன்தான். தடித்த நாவல் ஒன்றைக் கையில் எடுப்பேன், இது நான்கு நூல்களின் நேரத்தைத் தின்றுவிடுமே என்று மனம் பெருக்கிப் பார்க்கும், திரும்ப வைத்துவிடுவேன். மகிழ்ச்சிக்காக மட்டுமே வாசிக்கிறேன் என்கிறீர்கள். மகிழ்ச்சியில் இந்தப் பெருக்கல் எங்கிருந்து வந்தது?

பாதியில் விட்ட நூல்களுக்கு வருகிறேன்.

சென்ற மாதம் என் அக்கா வீடு மாறினாள். பழைய பெட்டியைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு நோட்டை எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் என் கிறுக்கல் ஏதோ இருக்கிறதாம். நான் கிறுக்கியது கடைசிப் பக்கத்தில் ஒரு கப்பல் மட்டும். மற்றதெல்லாம் அவளுடைய கையெழுத்து, பதினேழு, பதினெட்டு வயதுக் கையெழுத்து. வாசித்த நூல்களின் பட்டியல். மூன்றே பத்திகள். தலைப்பு, ஆசிரியர், மூன்றாவதாக ‘நின்ற இடம்’.

அப்படி ஒரு பத்தியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. சிலவற்றுக்கு நேராக ‘முடிந்தது’ என்று இருக்கிறது. பெரும்பாலானவை முடியவில்லை. ‘பக்கம் 86. திருப்பிக் கொடுக்கும் நாள்.’ ‘பக்கம் 31. இந்த ஆளுக்குப் பெண்களைப் பிடிக்காது.’ ‘பக்கம் 204. இன்னும் பத்துப் பக்கம்தான். முடிக்க மனம் வரவில்லை.’ ஒரு பெரிய எழுத்தாளரின் புகழ்பெற்ற நாவலுக்கு நேராக ‘பக்கம் 9’, அவ்வளவுதான், காரணம்கூட இல்லை. ஐம்பது வயதில்தான் நான் துணிந்து சொன்ன கருத்தை அவள் அந்த வயதிலேயே ஓர் இலக்கத்தில் சொல்லி முடித்திருக்கிறாள்.

நடுவில் ஒரு வரி. ‘பக்கம் 112. தம்பிக்குக் காய்ச்சல்.’

தம்பி நான்தான்.

உடனே தொலைபேசியில் அழைத்து அந்த நாவலின் பெயரைச் சொன்னேன். “அதை நான் படித்ததே இல்லை” என்றாள். உன் கையெழுத்தில் இருக்கிறது அக்கா என்றேன். “வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.” கதைச் சுருக்கம் சொன்னேன். இல்லவே இல்லை என்று சண்டைக்கு வந்தாள். பிறகு மூன்றாவது பத்தியைப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேச்சில்லை. “ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாய். விளக்கை அணைக்கவும் விடவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன். நீ மூன்று இரவு தூங்கவில்லை” என்றாள். ஜன்னல் எனக்கு நினைவில்லை. காய்ச்சலே நினைவில்லை.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வாருங்கள். நீங்கள் நீக்கிய நூல்களில் எதை விட்டு எழுந்து எதற்காகப் போனீர்கள் என்பது இருந்தது. எந்த நூலில் எரிச்சலடைந்தீர்கள், எதைக் கண்டு பயந்தீர்கள் என்பது இருந்தது. முடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, வாசகர் யாரும் இல்லாத பட்டியல் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். நான்கு நட்சத்திரம் என்கிறீர்களே, யார் கொடுத்தது? அன்றைக்கு அவருக்குத் தலைவலியா, காதலா? நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

நான் சொல்வது புதிய விஷயமும் அல்ல. பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேய்ன் 1580இல் வெளிவந்த தம் கட்டுரைகளில் நூல்களைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். உங்கள் நோய்தான் அவருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கவனமாகப் படித்து ஓரமெல்லாம் எழுதிவைத்த நூலையே, புதிது என்று நினைத்து மறுபடி கையில் எடுப்பாராம். அதனால் ஒவ்வொரு நூலின் இறுதியிலும் முடித்த தேதியையும், ஆசிரியரைப் பற்றித் தமக்குத் தோன்றியதையும் எழுதிவைக்கத் தொடங்கினார். வாசிப்புக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ஆசையாக எடுத்துச் சொல்வார்கள். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார், அதை மட்டும் சொல்லமாட்டார்கள். புரியாத இடம் வந்தால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்காரமாட்டாராம். ஒருமுறை, இருமுறை முட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு நூல் சலித்தால் இன்னொன்று.

டார்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 1838 முதல் 1860 வரை வாசிக்க வேண்டியவை, வாசித்தவை என்று பிரித்துப் பிரித்து எழுதிவைத்தவர். ஆனால் அவருடைய வாசிப்பைப் பற்றி நான் மறக்காத செய்தி அந்தக் குறிப்பேடுகளில் இல்லை. 1876இல் எழுதிய தன்வரலாற்றில் இருக்கிறது. இளமையில் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் நூலைக் கப்பல் பயணத்துக்கு எடுத்துச்சென்ற அந்த மனிதர், பல ஆண்டுகளாகத் தம்மால் ஒரு வரிக் கவிதையைக்கூடப் பொறுக்க முடியவில்லை என்கிறார். ஷேக்ஸ்பியரை வாசிக்க முயன்றதாகவும், குமட்டும் அளவுக்குச் சலித்ததாகவும் எழுதுகிறார். அதை ஓர் இழப்பு என்றே சொல்கிறார். வாசிக்க முடியாமல் போன ஒரு நூல், ம. உங்கள் செயலியாக இருந்தால் அந்த ஷேக்ஸ்பியரை நீக்கிவிட்டிருப்பீர்கள், சரிதானே?

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். ஏழு ஆண்டுகள் விடாமல் எழுதிவைத்திருக்கிறீர்கள், எனக்கு எந்த நோட்டும் ஏழு மாதத்தைத் தாண்டியதில்லை. அந்தப் பன்னிரண்டு நூல்களுக்காக வருந்தவேண்டாம். அக்காவுக்கு ஒரு நாவல் முழுவதும் மறந்துபோயிருக்கிறது, என்ன குறைந்துவிட்டது? நீக்கியவற்றில் நினைவிருப்பதை மட்டும் மறுபடி எழுதிச் சேருங்கள். பக்க எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஏன் மூடினீர்கள் என்று நான்கு சொல் போதும். வெட்கமாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள்.

அந்த நாவலைத் தேடிப் பிடித்து நானும் வாசித்தேன். 112ஆம் பக்கத்தில் ஒரு பெண் கையில் கடிதத்தோடு நிற்கிறாள், பிரிக்கவில்லை. அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். “சொல்லாதே” என்றாள். சரி என்று நூலையே அனுப்பிவைத்தேன். அந்தப் பக்கத்தில் அடையாளம் எதுவும் வைக்கவில்லை. மூன்று வாரமாகிறது. எங்கே நிற்கிறாள் என்று நான் கேட்கவும் இல்லை.